அஞ்சுக்கு ரெண்டு

2025ஆம் ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் நடைபெற்ற ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வென்றதையும், அந்த அணியில் சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா விளையாடியதையும் பத்திரிகைகளில் படித்து நாமெல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் ஏழு பேரை ஒரு களத்தில் இறக்கி, இன்னார் இன்ன இடத்தில் நிற்க வேண்டும், இன்னார் வெளியேறிவிட்டால் எஞ்சியவர்கள் இன்ன விதமாக மாறிக்கொள்ள வேண்டும் என்று வகுத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெயரும் இட்டுத் தருகிறவர்கள் யார், அந்த வித்தையால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம் என்பதை அந்த உற்சாகத்தில் விசாரித்தவர்கள் சொற்பம். இந்தக் குறையை நான் பட்டினப்பாக்கம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் நெடுங்காலமாக வசிக்கும் நண்பர் ஒருவரிடம் சொல்லப்போக, "அதற்காக நீங்கள் எங்கும் அலைய வேண்டாம், எங்கள் தெருவைத் தாண்டிக் கடலைப் பார்க்க நடந்தால் அங்கே ஒரு மாஸ்டர் இருக்கிறார்" என்று அவர் என்னை அழைத்துக்கொண்டு போனார்.

அடையாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே, சீனிவாசபுரத்துக் குடிசைகளுக்கும் அலைக்கும் நடுவில், வலை உலர்த்தும் இடத்தை ஒட்டினாற்போல அந்தக் களம் இருக்கிறது. பழைய வலையின் மேற்கயிற்றை முளையடித்துக் கட்டியதே அதன் எல்லை. பெண்களுக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளமும் எட்டு மீட்டர் அகலமும், ஆண்களுக்குப் பதின்மூன்றும் பத்தும் என்று விதி சொல்லுகிற அளவுகளைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். முளையை மாற்றி அடித்தால் களம் மாறிவிடுகிறது. நாங்கள் போன சமயம் மாஸ்டர் இரும்புப் பற்கள் வைத்த வாரி ஒன்றினால் மணலைக் கீறிக்கொண்டிருந்தார். விநாயக சதுர்த்திக்குப் பிறகு நகரத்துப் பிள்ளையார்கள் பலர் இந்தக் கரையில்தான் கடலில் இறங்குகிறார்கள். மண்ணும் சாயமும் கரைந்துபோக, உள்ளே வைத்துக் கட்டிய கம்பியும் ஆணியும் கட்டைத் துண்டுகளும் அலையோடு திரும்பி வந்து மணலுக்குள் புதைந்து கிடக்கின்றன. ஆட்டம் தொடங்குமுன் அவற்றைத் தேடி எடுப்பது அவருடைய நித்திய கர்மங்களில் ஒன்று. அன்றும் துருப்பிடித்த கம்பி ஒன்று வாரியில் சிக்கியது. அதை ஒரு சிமெண்டுச் சாக்கில் போட்டுவிட்டு, "வாங்க சார்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

ஐம்பது வயதை ஒட்டிய தேகம். இடது முழங்காலில் மட்டும் ஒரு வளைவு. விடியுமுன் ஃபைபர் படகில் கடலுக்குப் போய், மீனை இறக்கிவிட்டு, வலையைச் சரிபார்த்து, பகலில் சற்றே உறங்கி எழுந்து, மாலையில் இந்தக் களத்துக்கு வருகிறார். இளமையில் அவர் இடது கார்னரில் நின்றவர். உள்ளே வருகிறவனுடைய கணுக்காலைப் பற்றினால் விடாதவர் என்று நண்பர் சொன்னதை அவர் மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. "அரசாங்க உத்தியோகம் வாங்கித் தர்றேன்னு ஒரு ஆளு வந்தான் சார். விளையாட்டு கோட்டாவுல எடம் இருக்கு, மேல குடுக்கணும்னான். எங்கம்மா கழுத்துல கெடந்தத அடகு வெச்சுக் குடுத்துச்சு. அவனும் பூட்டான், கோட்டாவும் பூடுச்சு. மிச்சம் சர்ட்டிபிகேட் இருந்துச்சு, அதையும் சுனாமி எடுத்துக்கினு போச்சு" என்று, வேறு யாருக்கோ நேர்ந்ததைச் சொல்லுகிறவர்போல அவர் சொன்னார்.

உடலைச் சூடாக்கிக்கொள்ளும் பயிற்சிகளும், மூச்சை அடக்கிப் பாடும் பயிற்சியும், மணலில் தவளை நடை நடப்பதும் எவ்விடத்திலும் உள்ளவையே ஆதலால் அவற்றை விட்டுவிடுகிறேன். என் கவனத்தை முற்றிலும் கவர்ந்தது, பிள்ளைகள் வியர்வையோடு வட்டமாக உட்கார்ந்த பிறகு அவர் ஒரு துணிப்பையிலிருந்து எடுத்த சாதனம். உடைந்துபோன படகுப் பலகை ஒன்று. அதன்மேல் ஏழு வலை மிதவைகள். பாடிப்போகிற ரைடர்களுக்குச் சிவப்பு வர்ணம், பிடிக்கிறவர்களுக்கு வெள்ளை, இரண்டும் செய்யக்கூடியவர்களுக்குப் பாதி சிவப்பு, பாதி வெள்ளை. கோடியில் நிற்கும் கார்னரையும் அதே பக்கத்தில் உள்ளே தள்ளி நிற்கும் கவரையும் குறிக்கும் மிதவைகளை ஒரு சாண் நைலான் நூலால் பிணைத்திருக்கிறார். ஒன்றை நகர்த்தினால் மற்றது தானே இழுபட்டு வரும். இருவர் கைகோத்து நிற்கும் செயின் எப்படி நகரவேண்டும் என்பதை அந்த நூல் வாய் திறவாமலே போதித்துவிடுகிறது. பலகையின் ஓரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்ட இன்னொரு கயிறு உண்டு. அவுட்டாகிறவர்களின் மிதவைகளை எடுத்து வரிசையாக அதில் கோத்துவிடுவார்.

"ஏழுக்கு மூணு" என்றார் மாஸ்டர். ஒரு சிறுமி எழுந்து, இரண்டு சிவப்பும் ஒரு பாதி வர்ணமும் நான்கு வெள்ளையுமாக ஒரு நொடியில் பலகையை அடுக்கினாள். "அஞ்சுக்கு ரெண்டு" என்றார். அவள் இரண்டை அகற்றி, நடுவில் நின்ற மிதவையைக் கவருக்கு நகர்த்தினாள். களத்தில் எஞ்சியவர்கள் எத்தனை பேர் என்பது முதல் எண். அவர்களில் பாடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது இரண்டாம் எண். இரண்டு எண்களைச் சொன்ன மாத்திரத்தில் எங்கே நிற்பது, யார் யாரோடு கைகோப்பது, அடுத்துப் பாடப் போகிறவர் யார் என்பது அத்தனையும் அவர்களுக்கு விளங்கிவிடுகிறது.

இதைக் கண்டதும் நண்பர் என் தோளைத் தட்டினார். அவருடைய மகன் அமெரிக்காவில் இருப்பதனால், அந்நாட்டார் முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தில் அவருக்கு ஒரு பித்து உண்டு. அவர் விளக்கியதன் சாரம் இது. தாக்குகிற பக்கத்தில் எப்போதும் பதினொருவர். அவர்களில் மறித்து நிற்கும் முன்வரிசைக்காரர் ஐவரும், பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக் ஒருவரும் பெரும்பாலும் மாறாதவர்கள். எஞ்சிய ஐவரைத்தான் பயிற்சியாளர் சந்தர்ப்பத்துக்குத் தக்கபடி மாற்றுகிறார். அந்த ஐவரில் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் எத்தனை பேர் என்பது முதல் இலக்கம். மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் பழகிய டைட் எண்ட் எத்தனை பேர் என்பது இரண்டாம் இலக்கம். இவ்விரண்டையும் ஐந்திலிருந்து கழித்தால் வருவது ஓரங்களில் ஓடிப் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர்களின் தொகை. ஆகவே 11 என்றால் ரிசீவர்கள் மூவர், 12 என்றாலும் 21 என்றாலும் இருவர், 22 என்றால் ஒருவரே. எதிரணியாரும் உள்ளே வருகிறவர்களை எண்ணிப் பார்த்தே தங்கள் ஆட்களை மாற்றுவார்களாம். 2012இல் அந்த ஆட்டத்தை நம் நாட்டில் வேரூன்றச் செய்ய ஒரு லீக் முயன்றபோது, சென்னையின் பேரால் ஓர் அணிகூட இருந்தது. ஆட்டம் இங்கே நிலைக்கவில்லை.

மாஸ்டர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். "அவங்களுக்கு வசதி சார். பதினோரு பேரும் கடைசி வரைக்கும் பதினோரு பேரு. யார எறக்கணும்னு கோச் முடிவு பண்றாரு. நமக்கு யாரு இருக்கணும்னு எதிராளியில்ல முடிவு பண்றான்?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய வித்தையின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. கபடியில் ஆள் போவதும் வருவதும் நிமிஷத்துக்கு நிமிஷம் நிகழ்வது. வெளியேறியவர்கள் தங்கள் இஷ்டப்படியோ பயிற்சியாளர் இஷ்டப்படியோ திரும்ப முடியாது. எந்த வரிசையில் போனார்களோ அந்த வரிசையில்தான் வரவேண்டும். தொட்டோ பிடித்தோ புள்ளி எடுத்தால் ஆள் திரும்புவார். போனஸ் கோட்டை மிதித்து எடுத்த புள்ளிக்கு ஆள் திரும்புவதில்லை. அந்தப் போனஸும் எதிரே ஆறு பேராவது நின்றால்தான் உண்டு. மூவரோ அதற்குக் குறைந்தோ நிற்கும் அணி, வருகிறவரைப் பிடித்துவிட்டால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. ஆனால் ஆள் திரும்புவது ஒருவரே. ஆகையால் அமெரிக்கப் பயிற்சியாளருக்கு ஆள் தேர்வு எப்படியோ, அப்படி இவருக்கு வெளியே போனவர்களின் வரிசை. அந்த ஆணிக் கயிற்றை அவர் களத்தைவிட அதிகமாகப் பார்ப்பதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

பலகையில் மூன்று வெள்ளை மிதவைகளை நிறுத்தி, கயிற்றில் முதலில் ஒரு வெள்ளையும், அடுத்து ஒரு பாதி வர்ணமும், அதன்பின் இரண்டு சிவப்பும் கோத்து, "மூணுக்குச் சைபர். இன்னா பண்ணுவ?" என்று அவர் ஒரு பெண்ணைக் கேட்டார். பதினைந்து வயதிருக்கும், வலது கவர் நிற்பவளாம். அவள் கயிற்றை விரலால் தொட்டுக்கொண்டே சொன்னாள்: "அடுத்து உள்ள வர்றது கவர் அக்கா, மாஸ்டர். அதுக்கப்புறம்தான் பாடறதுக்கு ஆள் வரும். இப்பப் போனஸுக்குப் போனாப் பாயிண்ட்தான் வரும், ஆள் வராது. நாங்க யாராச்சும் சும்மா பாடிட்டுத் திரும்பிரணும். அவங்க வரும்போது கார்னர் புடிச்சா ரெண்டு பாயிண்ட்." மாஸ்டர் பதில் பேசாமல் அடுத்த கணக்குக்கு மிதவைகளை மாற்றினார். அதுவே பாராட்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எண்கள் ஆட்களைக் குறித்தால், அசைவைக் குறிக்க வேறு பெயர்கள். களத்தில் யோசனை சொல்ல அவகாசம் ஏது? ஒரு ரைடுக்கு முப்பது வினாடி. டைம் அவுட்டும் ஒரு பாதியில் இரண்டே முறை, முறைக்கு அதே முப்பது வினாடி. ஆகவே இடக்கோடியிலிருந்து வலப்புறமாகச் செயின் வீசி வந்து மடக்குவதற்கு "வன்னி" என்றும், வலக்கோடியிலிருந்து இடப்புறமாக வருவதற்குத் "தெண்டி" என்றும் அவர் பெயரிட்டிருக்கிறார். கடலைப் பார்த்து நிற்கிறவனுக்கு இடக்கை வடக்கு. வடக்கேயிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் மீனவர் பேச்சில் வன்னி, எதிர்த்திசையில் ஓடுவது தெண்டி. குப்பத்துப் பிள்ளைக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வெளியூர் அணிக்கோ ஒன்றும் விளங்காது. "பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால் கடல் முதுகுக்குப் பின்னே போய்விடுமே?" என்று கேட்டேன். "கடல் எங்க இருந்தா இன்னா சார்? எதுத்தாப்புல நிக்கிறவன்தான் கடலுன்னு சொல்லிக் குடுத்துருக்கேன். நேரு ஸ்டேடியத்துல மேட்டுல நின்னாலும் அப்படித்தான்" என்றார். மற்றக் குப்பத்து அணிகளோடு ஆடும்போது மட்டும் இவ்விரு பெயர்களும் இடம் மாறுமாம். அந்த இரகசியத்தை இதற்குமேல் நான் வெளியிடுவது தர்மமன்று.

இவ்வளவு நுட்பமான வித்தைக்கு இந்த நாட்டில் என்ன மரியாதை என்று யோசித்தால் ஆத்திரம் வருகிறது. ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்த 1990ஆம் ஆண்டு முதல் தங்கத்தைத் தவிர வேறு அறியாத இந்திய ஆண்கள், 2018இல் ஜகார்த்தாவில் வெண்கலத்தோடு திரும்பினார்கள்; பெண்கள் இறுதியாட்டத்தில் ஈரானிடம் 27க்கு 24 என்று தோற்றார்கள். அந்த ஈரானியப் பெண்களைப் பயிற்றுவித்தவர் யார் என்றால் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். வித்தையை மதித்து அழைப்பவர் இருக்கும் இடத்துக்கு வித்தை போய்விடுகிறது. இங்கேயோ, 2014இல் புரோ கபடி வந்தபின் ஆட்டக்காரர்களுக்கு ஏலத் தொகை உண்டு. தஞ்சை மாவட்டத்துச் சேரலாதன் 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கியதை நம் பையன்கள் நாவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மேடைக்கும் இந்த மணலுக்கும் இடையில் நிற்பவர்கள் யார்? ஊருக்கு ஊர் மின்னொளிப் போட்டி நடக்கிறதே, அதற்கு ஆள் கட்டித் தருகிறேன் என்று வருகிற தரகர்கள். அவர்கள் வேனோடு வந்து, மாஸ்டர் ஆண்டுக்கணக்கில் பிணைத்துவைத்த ஏழு பேரில் பாடுகிற இருவரை மட்டும் அழைத்துப் போகிறார்கள். வென்றால் கமிஷன் எடுத்துக்கொள்கிறார்கள். முழங்கால் பிசகினால் பஸ் சார்ஜ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். படகுக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு, கரைக்கு வந்த மீனைத் தாம் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்ளும் வியாபாரியிடம் காலையில் சிக்குகிற மனிதர், மாலையில் அதே மாதிரி மனோபாவத்திடம் தம் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறார். கடலில் இறங்காதவனுக்கு மீனிலும், மணலில் இறங்காதவனுக்கு ஆட்டத்திலும் முதற்பங்கு என்பது எந்த நியாய சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

இதை நான் சற்று உரக்கவே சொல்லிவிட்டேன் போலும். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் இந்தக் கரையிலேயே நியாயமான வழக்கம் ஒன்றும் இருக்கிறது. படகில் வந்த வருமானத்தில் டீசல் செலவைக் கழித்துவிட்டு, போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு என்பதோடு நில்லாமல், படகுக்கும் வலைக்கும் தனித்தனியே பங்கு வைக்கிறார்கள். வலை கிழிந்தால் அந்தப் பங்கு அதைத் தைக்கிறது. அதே கணக்கைப் பரிசுப் பணத்துக்கும் ஏன் வைக்கக்கூடாது என்று கேட்டேன். மாஸ்டர் சிரித்தார். "என் பங்க நானே எழுதிக்கிறதா? நல்லா இருக்காது சார்" என்று மிதவைகளைப் பைக்குள் போடத் தொடங்கினார்.

வலது கவர் நிற்கும் பெண் அதற்குள் தன் நோட்டைப் பிரித்துவிட்டாள். அடுத்த போட்டிக்குப் போகிறவர்கள் பத்துப் பேர். அவர்களுக்கு ஆளுக்கொன்று, காயம் பட்டவர் வைத்தியத்துக்கு ஒன்று, மாஸ்டருக்கு ஒன்று என்று எழுதிக் கூட்டிப் பார்த்தாள். "பத்துக்குப் பன்னெண்டு, மாஸ்டர்" என்றாள்.

"அப்படி ஒரு செட்டு நான் சொல்லித் தரலியே" என்றார் அவர்.

"நாங்க வெச்ச பேரு" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களிடம் கையெழுத்து வாங்க அவள் நோட்டை நீட்டினாள்.