நெடுந்தீவுக்கு எந்த மாதம்?

எமது பெண்கள் குழுவினர் நெடுந்தீவுக்கு ஒருநாள் சுற்றுலா போக ஆசைப்பட்டனர். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. வைகாசியில் சோழகக் காற்று எழும்பினால், குறிகட்டுவானிலிருந்து போகும் ஒரு மணி நேரப் படகுப் பயணம் வயிற்றைப் பிரட்டிவிடும். மாசி, பங்குனிதான் நல்லது. கடல் அடங்கியிருக்கும், மட்டக்குதிரைகள் மேயக் கொஞ்சம் புல்லும் இருக்கும். குடையும் தண்ணீரும் கட்டாயம், நிழல் குறைந்த ஊர்.

ஒரு அக்கா மட்டும் வைகாசிதான் என்று நின்றார். 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களில் அவருடைய உறவினரும் ஒருவர். "கடல் குழம்பினாலும் அன்றைக்குத்தான் விளக்கேற்ற வேணும்" என்றார். சுற்றுலாவையும் நினைவுநாளையும் ஒன்றாக்கக் கூடாது என்பது என் எண்ணம். பிள்ளைகள் பெருக்குமரப் பொந்துக்குள் ஒளித்து விளையாட வேண்டும் அல்லவா? மாசியில் எல்லோரும் போகிறோம். வைகாசியில் அந்த அக்காவுடன் நாங்கள் நால்வர் போகிறோம்.