அப்பாயியின் பாட்டும் ஹார்டு டிஸ்க்கும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

திருவையாற்றுக்கு அருகே காவிரிக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். நாங்கள் அக்காள், தங்கை இருவர். இருவரும் இப்பள்ளியில்தான் படிக்கிறோம். எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கணிப்பொறி உண்டு. சென்ற கோடை விடுமுறையில் அதற்கு வந்த நோயையும், நாங்கள் பார்த்த வைத்தியத்தையும், அதில் நாங்கள் இழந்ததையும் தோழியருக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

எங்கள் அப்பாயி நடவுக்குப் போனவர். வயலில் அவர் ஒரு வரி எடுத்துக்கொடுக்க, மற்றப் பெண்கள் பின்பாட்டுப் பாடுவார்களாம். அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, சித்தப்பா அவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பதினான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார். அவை எங்கள் கணிப்பொறியைத் தவிர வேறெங்கும் இல்லை. அப்பாயியின் குரலைக் கேட்க வேண்டுமானால் அந்தப் பெட்டியைத்தான் திறக்க வேண்டும்.

விடுமுறை தொடங்கிய வாரம், பெட்டிக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று பல்லி கத்துவதுபோல் ஓசை வந்தது. இயக்கியதும் கறுப்புத் திரையில், ஹார்டு டிஸ்க் கெடும் நிலையில் இருக்கிறது, உள்ளதைப் படியெடுத்துக்கொண்டு மாற்றிவிடு என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை தோன்றியது. ஹார்டு டிஸ்க்குக்குள் பளபளப்பான தட்டுகள் சாதாரணமாக நிமிடத்திற்கு 7200 முறை வரை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை, இசைத்தட்டின் முள்ளைப்போல் உரசாமல், மயிரிழையைவிடச் சிறிய இடைவெளியில் மிதக்கிறது. 1956ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் ஐம்பது தட்டுகள் இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவோ ஏறத்தாழ 5 மெகாபைட்தான். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் படங்களில் ஒன்றிரண்டுதான் அதில் அடங்கும்!

தஞ்சாவூரில் ஒரு கடையில் விசாரித்தோம். “புதுசு மாத்தித் தரேன். பழசுல இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை” என்றார் கடைக்காரர். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து, நாங்களே மாட்டுவதென்று தீர்மானித்தோம். குறுவை நடவுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து அம்மா எடுத்துத் தர, ஒரு டெராபைட் டிஸ்க் ஒன்றும் அதற்கான கேபிளும் வாங்கி வந்தோம்.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போவதற்காக இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, மூடியைக் கழற்றினோம். உள்ளே பதரும் தூசியும், இரண்டு பல்லி முட்டைகளும்! துடைத்துவிட்டுப் புது டிஸ்க்கை நான்கு திருகுகளால் பொருத்தினோம். மின்சாரத்துக்கு ஒரு கேபிள், தகவலுக்கு ஒரு கேபிள். இயக்கியபோது தொடக்கத் திரையில் பழைய டிஸ்க்கின் பெயர் மட்டுமே இருந்தது. ஒரு மணி நேரம் அழுத்திப் பார்த்தோம், மாற்றிச் செருகினோம். பிறகு டி.வி.டி. கருவியின் கேபிளைக் கழற்றிப் புது டிஸ்க்கில் மாட்டியதும், பெயர் வந்துவிட்டது. குற்றவாளி கேபிள், பழி சுமக்க இருந்ததோ டிஸ்க்!

ஆனால் விண்டோஸ் திறந்த பிறகும் புது டிஸ்க்கைக் காணோம். தங்கை அழுதேவிட்டாள். எங்கள் கணினி ஆசிரியைக்குப் போன் செய்தோம். “டிஸ்க் மேனேஜ்மென்ட்டுல பாருங்கம்மா, அங்கே இருக்கும்” என்றார். இருந்தது! புது டிஸ்க் என்பது தரிசு நிலம். அதைப் பதிவு செய்து, வரப்புக் கட்டி, பரம்படித்தால்தான் நாற்று நடலாம். பதிவுக்கு எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என்று இரண்டு முறைகள் உண்டு. முன்னது சாதாரணமாக 2 டெராபைட் வரைதான் கையாளும். நாங்கள் பின்னதைத் தேர்ந்தோம். பகுதி பிரித்து, ஃபார்மட் செய்தோம். 1000 ஜிபி என்று வாங்கியது 931 என்று காட்டவே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கொதித்தோம். அதுவும் வீண்பழி. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. மரக்கால்தான் வேறு, நெல் ஒன்றே.

இனித்தான் நாங்கள் செய்த பிழை. எல்லாம் சரியாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில், முதலில் சினிமாப் படங்களைப் படியெடுக்கத் தொடங்கினோம். பாதியில் ‘டிக், டிக்’ கூடியது. பழைய டிஸ்க்கின் பகுதி மறைந்து, “இதைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?” என்று ஒரு கேள்வி வந்தது. அன்று மாலைதான் புது டிஸ்க்கை ஃபார்மட் செய்து பழகியிருந்தோம் அல்லவா? எங்களில் ஒருத்தியின் விரல் ‘செய்’ என்பதன்மேல் போய்விட்டது. மற்றவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள்.

மறுபடியும் போன். “தொடாதீங்க! அது காலியா இருக்குன்னு சொல்லலை; என்னால படிக்க முடியலைன்னு சொல்லுது. அணைச்சிட்டுக் காலையில பாருங்க” என்றார் மிஸ். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் டிஸ்க் ஆறியிருந்தது. பகுதி திறந்தது. இம்முறை அப்பாயியை முதலில் எடுத்தோம். பதினொரு பாட்டுகள் வந்தன. மூன்று வரவில்லை. எத்தனை முறை முயன்றும் படிக்க முடியவில்லை என்ற பதிலே வந்தது. சினிமாவுக்குச் செலவான நேரத்தில் அந்த மூன்றும் வந்திருக்குமோ என்று இன்றும் நினைக்கிறோம். அம்மா எங்களைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், சுவடிகளைத் தேடியெடுத்து ஒப்பிட்டு, 1887ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார் என்று படித்திருக்கிறோம். தஞ்சை சரசுவதி மகால் ஏடுகளைச் சுற்றுலாவில் பார்த்தபோது, இவை எப்படி நிலைத்தன என்று வியந்தோம். ஏடு செல்லரிக்கும்; செல்லரிக்குமுன் யாரோ ஒருவர் வேறு ஏட்டில் எழுதிவைத்ததனால்தான் பல நூல்கள் பிழைத்தன. ஹார்டு டிஸ்க்கும் ஓர் ஏடுதான். அது கெடுமா என்பதல்ல, என்று கெடும் என்பதே கேள்வி.

விடுமுறை முடியுமுன், அப்பாயியோடு நடவுக்குப் போன மேலத்தெரு ஆயாவிடம் போய் உட்கார்ந்தோம். இழந்த மூன்றில் இரண்டை அவர் பாடினார், பதிவு செய்துகொண்டோம். குரல் வேறு, பாட்டு அதுவே. மூன்றாவதை அவருக்கு நினைவில்லை. “உங்க அப்பாயிக்குத்தான் அது தெரியும்” என்றார்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் ஒரே இடத்தில் மட்டும் ஏதோ ஒன்று இருக்கும். இன்றே இன்னொரு படி எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள். எங்கள் பாட்டுகள் இப்போது புது டிஸ்க்கிலும், பென் டிரைவிலும், சித்தப்பா வீட்டிலுமாக மூன்று இடங்களில் இருக்கின்றன. பழைய டிஸ்க்கைத் துணியில் சுற்றி, அம்மா பீரோவில் வைத்திருக்கிறார்.