திருப்பிப் போட்டா உள்ள போயிடும்

யுஎஸ்பி ஒயரை முதல் முயற்சியிலேயே சரியாகச் செருகுபவர்களை நான் பார்த்ததில்லை. முதலில் போகாது. திருப்பிப் போட்டாலும் போகாது. மறுபடியும் பழையபடி வைத்தால் போய்விடும். இதை மீட்டிங் ரூமில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பின்வரிசையில் யாராவது இருமுவார்கள்.

எங்கள் தொழிலின் சொற்கள் அப்படி. ரிச்சி தெரு கடைக்காரர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் "மேலா, ஃபீமேலா சார்?" என்று கேட்பார். பேக்-எண்ட், ஹார்டு டிஸ்க், பெனட்ரேஷன் டெஸ்டிங் எல்லாம் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. செங்கல்பட்டுப் பக்கம் நான் படித்த கல்லூரியில், 15 பின் விஜிஏ கேபிள் ஒன்றை வைத்தே கடைசி பெஞ்ச் நாலு வருஷத்தை ஓட்டியது. சிரிப்பு வரத்தான் செய்யும். இப்போதும் வரும்.

சிறுசேரியில் நான் வேலை பார்த்த ஒரு அலுவலகம். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண் ப்ரொஜெக்டரில் கேபிளைச் செருகத் தடுமாறினார். "நல்லா அழுத்தும்மா. புதுசுல கஷ்டமாத்தான் இருக்கும், போகப் போகப் பழகிடும்" என்றார் மேனேஜர். அறையே சிரித்தது. பிறகு ஒருவர் தனியாகக் கேட்டபோது, "நான் கேபிளைத்தானேப்பா சொன்னேன், அழுக்கு உங்க மனசுலதான்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண் கால் மணி நேரம் முன்னதாகவே வந்து, யாரும் இல்லாதபோது கேபிளைச் செருகி வைத்துவிடுவார்.

இரட்டை அர்த்தம் நமக்குப் புதிதில்லை. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவுக்குள் அடைத்தவர். ஆனால் சிலேடை பாடுகிறவர் இரண்டு அர்த்தத்துக்கும் பொறுப்பேற்கிறார், இரண்டையும் கவனிக்கச் சொல்கிறார். மேனேஜரோ ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றுக்குள் ஒளிந்துகொள்கிறார்.

டீம் அவுட்டிங் என்றால் எங்களுக்கு மாமல்லபுரம்தான். அங்கே அந்தப் பெரிய பாறைச் சிற்பம் அர்ஜுனன் தபசா, பகீரதன் தவமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பல்லவர்கள் வேண்டுமென்றே இரண்டையும் சேர்த்துச் செதுக்கியிருக்கலாம் என்கிற ஆய்வாளர்களும் உண்டு. அதே பாறையில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது, பக்கத்தில் எலிகள். கேட்டால் அதுவும் "தவம்தானே செய்யறேன்" என்றுதான் சொல்லும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. விரும்பத்தகாத நடத்தை நேரடியாக இருந்தாலும் மறைமுகமாக இருந்தாலும் அதில் அடங்கும். பாலியல் சாயல் கொண்ட பேச்சும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். "கேபிளைத்தானே சொன்னேன்" என்கிற பதில் சட்டத்துக்கும் பழக்கமானதுதான்.

ஆனால் எங்கள் அறையில் அதை முதலில் நிறுத்தியது சட்டமில்லை, டெஸ்டிங் டீமின் ஒரு சீனியர் அக்கா. அடுத்த ஜோக் வந்து எல்லோரும் சிரித்து முடித்ததும், "எனக்குப் புரியல சார், எதுக்குச் சிரிக்கிறாங்க? கொஞ்சம் விளக்குங்களேன்" என்றார். பக் ரிப்போர்ட்டில் கேள்வி கேட்கும் அதே குரல். மேனேஜர் "ஒண்ணுமில்லம்மா, கேபிள் லூஸா இருக்கு" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பார்த்தார்.

ஜோக்குகள் குறைந்தன. அந்தப் பெண் மட்டும், நான் அங்கிருந்து கிளம்பும்வரை, கால் மணி நேரம் முன்னதாகவே வந்துகொண்டிருந்தார்.