ஆஸ்டினில் அறுபது நாள்

அக்டோபர் 8

காலை ஒன்பது மணிக்கு மகனுடைய லேப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டது. வேலை போய்விட்டது. அவன் சொல்லவில்லை. மருமகள்தான் அடுப்படிக்கு வந்து, “அவங்ககிட்ட எதுவும் கேட்டுக்காதீங்க அத்தை” என்றாள். நான் ஆறு மாத விசாவில் வந்தவள். வீடு வாங்கி, வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கும் இவனும் விசாவில்தான் இருக்கிறான் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. எச்1பி-யில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி பிடிக்கவேண்டும், அல்லது விசாவை மாற்றவேண்டும். இல்லையென்றால் ஊர்.

அக்டோபர் 11

ஃபிரிட்ஜ் கதவில் நாட்காட்டி. டிசம்பர் 7-ஐச் சுற்றிப் பென்சில் வட்டம். யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். புதுத்துணி பேரனுக்கு மட்டும்.

அக்டோபர் 26, ஞாயிறு

“மியூசியம் போவோமா?” என்று மகன்தான் கேட்டான். மருமகள் டிக்கெட் விலையைப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

புல்லக் மியூசியம். டெக்சாஸ் மாநிலத்தின் வரலாற்றுக்கென்றே 2001-இல் திறந்தது. வாசல் திடலில் 35 அடி உயரத்துக்கு ஒரு வெண்கல நட்சத்திரம். வருகிறவர்களெல்லாம் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்களையும் நிறுத்தி மகன் எடுத்தான். “நீயும் வந்து நில்லுடா” என்றேன். “வெயில் அடிக்குதும்மா, உள்ள போங்க.”

இங்கே நான்காம் வகுப்பில் டெக்சாஸ் வரலாறு பாடம். பேரன் விடவில்லை. “ஆச்சி, டெக்சாஸ் மேல ஆறு கொடி பறந்திருக்கு தெரியுமா?” ஸ்பெயின், பிரான்ஸ், மெக்சிகோ, தனிக் குடியரசாக இருந்த டெக்சாஸ், அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பு, அமெரிக்கா. பிரான்ஸ் எங்கே இங்கே வந்தது என்று கேட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு கப்பலின் முன்னால் நிறுத்தினான்.

கப்பல் என்றால் அடிப்பாகம்தான். மீன் தின்று மிச்சம் வைத்த முள் மாதிரி, கறுத்த விலா மரங்கள். பெயர் லா பெல். 1684-இல் லா சால் என்பவன் நான்கு கப்பலில் முந்நூறு பேரோடு, மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தில் குடியேற்றம் அமைக்கக் கிளம்பினான். கணக்குத் தவறி நூற்றுக்கணக்கான மைல் மேற்கே, டெக்சாஸ் கரையில் இறங்கினான். 1686-இல் இந்தக் கப்பலும் மட்டகோர்டா வளைகுடாவில் மூழ்கியது. மறு வருஷம் அவனுடைய ஆட்களே அவனைச் சுட்டுக் கொன்றார்கள். நல்லா வேணும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் பாவமாக இருந்தது.

கப்பலை 1995-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். சுற்றிலும் இரும்புச் சுவர் இறக்கி, கிணற்றில் ஊற்று இறைப்பதுபோலக் கடலை இறைத்துவிட்டுத் தோண்டினார்களாம். முந்நூறு வருஷம் ஊறிய மரம் சும்மா காய்ந்தால் வெடித்துவிடும். உறையவைத்து ஈரத்தை எடுத்திருக்கிறார்கள். உள்ளே கிடைத்ததில் பாசிமணி மட்டும் லட்சக்கணக்கில். இந்த மண்ணின் ஆட்களிடம் பண்டமாற்றுக்குக் கொண்டுவந்தது. கயிற்றுச் சுருளருகே ஒரு மாலுமியின் எலும்புக்கூடும் கிடந்திருக்கிறது. அதை 2004-இல் இதே ஊரில், மாநிலக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

பேரன் அடுத்த மாடிக்கு ஓடிவிட்டான். மகன் நகரவில்லை. கால் மணி நேரம் இருக்கும்.

“அந்தக் காலத்துல வடக்கு தெற்கு கணக்குப் போட்டுருவாங்கம்மா. கடல்ல கிழக்கு மேற்குக்கு சரியான கணக்கு கிடையாது.”

பதினெட்டு நாளில் அவன் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான்.

1888-இல் சட்டமன்றக் கோபுரத்தின் உச்சியில் ஏற்றிய துத்தநாகப் பெண் சிலையும் இங்கேதான் நிற்கிறது. 1985-இல் இறக்கிவிட்டு, மேலே நகலை வைத்துவிட்டார்கள். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கச் செய்த முகம். பக்கத்தில் மூக்கும் முழியும் பயங்கரம். “சில பேரைக் கிட்டப் போய்ப் பார்க்கக் கூடாது அத்தை” என்றாள் மருமகள். சிரித்துத் தீர்த்தோம். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

அக்டோபர் 27

முழங்கால் வலி.

நவம்பர் 3

எனக்குத் திரும்பும் டிக்கெட் ஜனவரியில். மூட்டை கட்டத்தான் வேண்டுமென்றால் இவர்களோடு ஒரே விமானத்தில் போய்விடலாமே, பேரன் பாளையங்கோட்டையிலேயே படிக்கலாமே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். சாமி விளக்கை இரண்டாவது தடவை ஏற்றினேன்.

நவம்பர் 12

பதினோரு மணிக்கு மகனுக்கு இன்டர்வியூ, வீடியோவில். இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. கதவைச் சாத்திக்கொண்டான். குக்கர் விசில் கேட்குமே என்று இன்றைக்குப் பானையில் சோறு வடித்தேன்.