ஐம்பது வருட டைரியும் இரண்டு டிரங்குப் பெட்டிகளும்

ஜூலை 6, ஞாயிறு

பேசின் பிரிட்ஜில் நிற்கிற ஷேர் ஆட்டோக்காரரிடம் மகாகவி பாரதியார் நகர் என்று முழுப் பெயரைச் சொன்னால் ஒரு நொடி முழிப்பார். எம்.கே.பி. நகர் என்றால் "ஏறு சார்" என்பார். கவிஞன் பெயரை வைத்துவிட்டு அதை மூன்று இங்கிலீஷ் எழுத்தாக்கிப் புழங்குகிறோம். பாரதிக்கு இதனால் குறைவொன்றும் இல்லை. அவன் எழுத்தின் உரிமையை 1949இல் அரசாங்கமே வாங்கி, பிறகு எல்லாருக்கும் பொது என்று விட்டுவிட்டது. அந்த அதிர்ஷ்டம் வேறெந்தத் தமிழ்க் கவிஞனுக்கு அவ்வளவு விரைவில் வாய்த்தது?

இதை யோசிக்கக் காரணம், எங்கள் வாசகர் வட்டத்துக்காரர்கள். பதினைந்தாம் தேதி மறைமலையடிகள் பிறந்த நாள், நீங்கள்தான் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தனித்தமிழ்த் தந்தை என்று தொடங்கி வாழ்க என்று முடிக்கிற பேச்சை என்னால் பேச முடியாது. அவருடைய டைரியைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். "டைரியா? சரி, என்னமோ பேசுங்க" என்றார் செயலாளர்.

ஜூலை 8, செவ்வாய்

குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1876இல் நாகப்பட்டினத்தில் பிறந்த வேதாசலம், 1898 மார்ச்சில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்கிறார். தாம்பரத்துக்குக் கல்லூரி போனது 1937இல்தான். அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்தது. அவரைத் தேர்ந்தெடுத்தவர் பரிதிமாற் கலைஞர் என்கிற சூரியநாராயண சாஸ்திரியார். நேர்முகத்தில் குற்றியலுகரம் பற்றிக் கேட்ட கதையைச் சொல்லப் போவதில்லை, மேடைக்கு மேடை அது தேய்ந்துவிட்டது. பதின்மூன்று வருடம் வேலை பார்த்தார். பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடமாக வைக்காமல் விட்டதும் 1911இல் வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்துக்குக் குடிபோனார்.

என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு. கல்லூரியில் சேர்ந்த அந்த 1898 முதல் இறந்த 1950 வரை டைரி எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில். 1916இல் வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவர், 'ஞானசாகரம்' என்று நடத்திய பத்திரிகையை 'அறிவுக்கடல்' ஆக்கியவர், டைரியின் மொழியை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை.

இதைக் கண்டுபிடித்தவுடன் கைகொட்டிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆங்கிலம் அவருக்குக் கைவந்த மொழி. 1908இலேயே ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகை நடத்தியவர். ஆனால் அது மட்டும் காரணமாக இருக்காது. தமிழில் ஒரு வரி எழுதினால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டாக வேண்டிய வேலையைத் தானே தலைமேல் ஏற்றுக்கொண்ட மனிதர் அவர். ராத்திரி உட்கார்ந்து, இன்று யார் வந்தார்கள், உடம்பு எப்படி இருந்தது என்று எழுதும்போதும் அந்தக் காவல் வேலையா? காவலில்லாத ஒரு மொழி அவருக்குத் தேவைப்பட்டிருக்கும். இது என் ஊகம்தான். மேடையிலும் ஊகம் என்றே சொல்லப் போகிறேன்.

ஜூலை 9, புதன்

சாயங்காலம் பக்கத்து பிளாக்கிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரர் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். கைக்காசு போட்டு இரண்டு கவிதைப் புத்தகம் அச்சடித்தவர். அவர் போனபின் வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கோணிச் சாக்கு. அவர் வேலை பார்த்த கல்லூரியில் கேட்டதற்கு, புத்தகமென்றால் எடுத்துக்கொள்வோம், காகிதத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"பழைய பேப்பர்காரர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு தம்பி. சாரு கையெழுத்துன்னா எனக்கு மனசு வரல. ஆனா இந்த வீட்ல எங்க வெச்சிக்கறது? நீயே பாத்து சொல்லு."

வீட்டு வசதி வாரியத்துக் கீழ்த்தள வீடு. 2015 டிசம்பரில் ஒரு தரம், 2023 மிக்ஜாம் புயலில் ஒரு தரம் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. கீழே இருந்த பெட்டியின் அடியில் கிடந்த கட்டு ஒரே பலகையாக ஒட்டிப்போயிருக்கிறது. வியாசர்பாடியில் காகிதத்துக்கு எமன் கரையான் இல்லை, மழை.

ஜூலை 12, சனி

எழும்பூர், பாந்தியன் சாலை, கன்னிமாரா நூலகம். மறைமலையடிகள் நூல் நிலையம் இப்போது இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. அதன் பழைய இடம் எங்கள் பக்கம்: லிங்கிச் செட்டித் தெரு. கப்பல் ஏஜென்ட், கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ், சுமை வண்டி எல்லாவற்றுக்கும் நடுவில் 1958இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அதைத் திறந்தது. அடிகள் சம்பாதித்ததெல்லாம் புத்தகத்துக்கே போயிற்று என்பார்கள். சுமார் 4000 நூல்கள். அவற்றைத் தமிழ் மக்களுக்கு என்று விட்டுச்சென்றார். ஆனால் விட்டுச்செல்வது வேறு, அது நிலைப்பது வேறு. கழகத்து வ. சுப்பையா பிள்ளை என்ற பதிப்பாளருக்கு அதில் பிடிவாதம் இருந்தது, அதனால் நிலைத்தது.

நான் முதலில் போனது லிங்கிச் செட்டித் தெருவுக்குத்தான், கல்லூரியில் படிக்கும்போது. தெருச் சத்தம் ஜன்னல் வழியாக ஏறி வரும், அதைப் பொருட்படுத்தாமல் உட்கார்ந்து படிப்பார்கள். இன்றைக்குப் படித்த கூடத்தில் சத்தமில்லை, மின்விசிறி நன்றாக ஓடுகிறது, ஆட்களும் குறைவில்லை. பலர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவுமில்லை.

டைரியின் பகுதிகள் தமிழில் புத்தகமாக வந்திருக்கின்றன. ரவி வைத்தீஸ்பரா என்ற ஆய்வாளர் அடிகளையும் சைவ மறுமலர்ச்சியையும் பற்றி 2015இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலே எழுதினார். வரலாறு எழுதுகிறவர்களுக்குச் சிலை பயன்படாது, டைரி பயன்படும்.

திரும்பும்போது பஸ்ஸில் உ.வே.சா. நினைவு. அவரும் பேராசிரியர், கும்பகோணத்திலும் மாநிலக் கல்லூரியிலும். தனக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்தார், அவை பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன. ஆ.இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்த பிறகுதான், ஏடு தேடி அலைந்த அந்தக் கதையில் அவருக்கு எழுதியவர்களின் குரலும் கேட்கிறது. 'என் சரித்திரம்' அவர் சொன்னது. கடிதங்கள் அவருக்குச் சொல்லப்பட்டவை. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவனுக்குக் கிடைப்பது வேறு ஆள்.

ஜூலை 15, செவ்வாய்

பேசியாயிற்று. மாடிக் கூடத்தில் நல்ல புழுக்கம். காவலில்லாத மொழி என்ற ஊகத்துக்கு முன்வரிசையில் ஒருவர் முகம் சுளித்தார். பரவாயில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்து, "அந்த டைரில நம்ம ஏரியா வருதா சார்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். டைரிக்கு முன்னால் அவர் கவிதையிலேயே வருகிறது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் அடிகளுக்குக் கடுமையான நோய் வந்தது. திருவொற்றியூர் முருகனை வேண்டிக்கொண்டார், குணமானது. அந்த நன்றிக்கு 1900இல் பாடியதுதான் 'திருவொற்றி முருகர் மும்மணிக்கோவை'. ஆசிரியப்பா, வெண்பா, கட்டளைக் கலித்துறை என்று மாறி மாறி முப்பது பாட்டு. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. அவருடைய சைவ ஆசிரியர் சோமசுந்தர நாயகர் சூளைக்காரர்; அவர் மறைந்தபோது பாடியது 'சோமசுந்தரக் காஞ்சி'. கவிஞராக அவர் தொடங்கியதே வடசென்னையைச் சுற்றித்தான். பின்னால் ஆராய்ச்சிக்காரராகவும் பேச்சாளராகவும் ஆகிவிட்டதால் அந்தக் கவிஞரை நாம் படிப்பதில்லை.

அடுத்து அருட்பா, மருட்பா சண்டை. ஏழுகிணறில் பல வருடம் வாழ்ந்த வள்ளலாரின் பாட்டு அருட்பாதானா என்று வள்ளலார் காலத்திலேயே தொடங்கிய வழக்கு. 1903இல் அது மறுபடி மூண்டபோது, அருட்பாதான் என்று மேடையேறியவர் இளம் வேதாசலம். எதிரே யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை. கதிரைவேற் பிள்ளையின் மாணவர் திரு.வி.க.வுக்குப் பள்ளிப் படிப்பே அந்த வழக்கோடு நின்றுபோனது. பின்னால் பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளுக்காக நின்ற அதே திரு.வி.க. இரண்டு தரப்பும் அடித்து வீசிய துண்டு நூல்கள், கண்டனங்கள் எல்லாவற்றையும் ப. சரவணன் தேடி ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தார். அன்றைக்கு அரையணாவுக்கும் மதிப்பில்லாத காகிதங்கள். யாரோ சிலர் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் அந்தச் சண்டையின் சூடு இன்றைக்கு நமக்குத் தெரிகிறது.

ஜூலை 20, ஞாயிறு

அம்மா வீட்டில் பெட்டியைப் பிரித்தோம். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, வாசகர் வட்டத்தில் வருபவள், உதவிக்கு வந்தாள். வந்தவுடன் கவிதை தனி, கடிதம் தனி, ரசீது தனி என்று பிரிக்கத் தொடங்கினாள். நிறுத்தச் சொன்னேன். ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவர்களுடைய முதல் விதி, வைத்தவர் வைத்த வரிசையைக் கலைக்காதே என்பது. ஒரு கவிதைத் தாளுக்குள் மண்ணெண்ணெய் கார்டு செருகியிருந்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பிரித்துவிட்டால் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவளுக்கு ஏ.கே. ராமானுஜன் கதையைச் சொன்னேன். மைசூரில் பிறந்த தமிழர், ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கவிஞர், சிகாகோவில் பேராசிரியர். 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறை அடுக்கில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை அவர் கையில் தட்டுப்பட்டது. அதிலிருந்துதான் சங்கப் பாட்டு ஆங்கில உலகத்துக்குப் புதுசாகப் போனது. 1993இல் அவர் இறந்தபின் அவருடைய கையெழுத்துத் தாள்கள், டைரிகள் அதே பல்கலைக்கழக நூலகத்துக்கே போய்ச் சேர்ந்தன. எந்தப் பெட்டியில் என்ன என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த டைரிகளிலிருந்து 2019இல் ஒரு புத்தகம் வந்தது.

"அப்ப இதையும் சிகாகோவுக்கு அனுப்பலாமா சார்?" என்றாள் சிரித்துக்கொண்டே.

தரமணி போதும். அங்கே ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்த ஒரு செட்டியார் சேர்த்த புத்தகமும் நோட்டீசும் திருமண அழைப்பிதழும்தான் அதற்கு அஸ்திவாரம். அவர் இறந்தபின் அதை வாங்கிச் சென்னையிலேயே வைக்க வழிசெய்தது சிகாகோ பல்கலைக்கழகம், 1994இல். அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். எடுப்பார்கள் என்று நம்பிக்கொண்டு உட்கார முடியாது. எனவே முதலில் பட்டியல், பிறகு போட்டோ. ஒட்டிப்போன கட்டை நாங்கள் தொடப்போவதில்லை, தெரிந்தவர் பார்க்கட்டும். நாப்தலின் உருண்டை போட அம்மா எழுந்தார், வேண்டாம் என்றேன். அந்த நெடி மனுஷனுக்கும் ஆகாது, காகிதத்துக்கும் நல்லதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மாணவர்கள் எழுதிய கடிதங்களில் சிலது அந்தரங்கமானவை. எழுதியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவற்றை உறையிலிட்டு, இத்தனை வருடம் திறக்கக் கூடாது என்று எழுதிவிடலாம். காப்பகங்களில் வழக்கமாகச் செய்வதுதான். அம்மா அதற்கு உடனே சரி என்றார்.

தகராறு வந்தது ஒரு நீளக் கணக்கு நோட்டில். முதல் கவிதைப் புத்தகம் போட வாங்கிய கடன், வட்டி, அச்சகத்துக்குக் கொடுத்தது, விற்ற பிரதி, விற்காத பிரதி. என்னைக் கேட்டால் அந்தப் பெட்டியிலேயே முக்கியமானது அதுதான். தமிழில் ஒரு கவிதைப் புத்தகம் எப்படி வெளிவருகிறது என்று இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது. அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை.

"கடன் நோட்டைக்கூடவா படிப்பாங்க?"

"அதைத்தாம்மா மொதல்ல படிப்பாங்க."

நோட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசி வரியில் சார் எழுதியிருந்தது: கடன் தீர்ந்தது. தேதி. அவ்வளவுதான்.

"எப்படித் தீந்துச்சுன்னு எழுதல பாரு. என் ரெண்டு வளையலு சேட்டுக் கடைக்குப் போயி அங்கியே முழுகிப் போச்சு. படிக்கிறவங்க படிக்கட்டும். ஆனா இதையும் எழுதி உள்ள வெய்யி."

நோட்டில் எழுதக் கூடாது, அது சாருடையது என்றேன். தனித் தாளில் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதினாள்: வளையல் எத்தனை பவுன், எந்த வருடம், கடை எந்தத் தெருவில், ரசீது என்ன ஆயிற்று. நடுவில் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தச் சொன்னார். கீழே தேதி போட்டு அம்மா கையெழுத்துப் போட்டார். பட்டியலில் கணக்கு நோட்டுக்கு அடுத்த வரியில் அதைச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர்.