இடையில் நிற்கும் கை

உத்திரமேரூர் என்றவுடன் நம்மில் பலருக்கும் குடவோலை நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் வேட்பாளரின் தகுதிகளைவிட என்னை ஈர்த்தது, ஓலையைப் பெறுபவனின் கை. சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்தபின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். இடையில் நிற்பவன் எதையும் சேர்க்கவில்லை, எதையும் மறைக்கவில்லை என்பது ஊருக்குத் தெரிந்தாக வேண்டும்.

உணரிகளுக்கான மின்சுற்றுகளை வடிவமைப்பது என் தொழில். எங்கள் வேலையும் இந்த இடைக் கையாக இருப்பதுதான்.

இது நெல் விளையும் பகுதி. ஈரம் குறையாத நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறும். வெளியே தெரிவதற்குள் தானியம் கெட்டிருக்கும். குவியலுக்குள் ஒரு பிளாட்டின உணரியைச் செருகி வைத்தால் முன்கூட்டியே அறியலாம். 0 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை 100 ஓம். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கூடுவது ஏறத்தாழ 0.385 ஓம். அவ்வளவு மெல்லிய குரல் அது.

அந்தக் குரலைக் கேட்க, 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 100 மீட்டர் இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர அதன் தடையே சுமார் 7 ஓம். குளிர்ந்த நெல்லும் 18 டிகிரி கூடுதலாகச் சுடுவதாகத் தோன்றும். அதைக் கழித்துவிட்டால் தீராதா என்றால், தீராது. வெயிலில் கம்பி 20 டிகிரி சூடேறினால் அதன் தடை அரை ஓமுக்கு மேல் கூடும். மறுபடியும் சுமார் 1.4 டிகிரி பொய்.

ஆகவே நான்கு கம்பிகள். இரண்டின் வழியே மின்னோட்டம் செல்லும். மற்ற இரண்டும் உணரியின் மின்னழுத்தத்தைப் பார்த்துச் சொல்வதோடு சரி. அவற்றில் ஓட்டம் அநேகமாக இல்லாததால் அவற்றின் தடை கணக்கில் ஏறாது. அதே மின்னோட்டத்தை மதிப்பு மாறாத இன்னொரு தடையின் வழியாகவும் செலுத்தி, இரண்டு மின்னழுத்தங்களின் விகிதத்தை எடுத்துக்கொள்கிறோம். மின்னோட்டம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது.

எலி கம்பியைக் கடித்துவிட்டால், ஏதோ ஓர் எண்ணைக் காட்டாமல் அறுந்துவிட்டது என்று சுற்று சொல்ல வேண்டும். எண்ணே வராவிட்டால் மனிதர் குவியலுக்குள் கைவிட்டுப் பார்ப்பார். பொய்யான நல்ல எண் வந்தால் நிம்மதியாக உறங்கப் போவார்.

நேர்மையான ஆளைத் தேடுவதோடு அக்கல்வெட்டு நின்றுவிடவில்லை. அவன் கையையும் விரிக்கச் சொன்னது. கம்பி நீளும், சூடேறும், அறும் என்று ஒப்புக்கொண்ட பிறகே நல்ல சுற்றின் வடிவமைப்பும் தொடங்குகிறது.