இரண்டு மீற்றர் தூரம்

புகைப்படக் கலையிற் புதிதாக ஈடுபடும் மாணவர் என்னிடம் முதலிற் கேட்கும் வினா ஒன்றுண்டு. "சேர், ஆகக் கூடிய தூரம் இழுக்கக்கூடிய லென்ஸ் எது?" என்பதே அது. நான் வில்லை என்பதை அவர்கள் லென்ஸ் என்பர். பெயர் எதுவாயினும் ஆகுக. தூரத்திலுள்ளதை அருகே கொணர்வதே ஒரு வில்லையின் பெருமை என்னும் எண்ணம் அவ்வினாவினுள் மறைந்து கிடக்கின்றது. தெருவையும் பிரயாணத்தையும் படம்பிடிக்க விரும்புவோருக்கு இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பது பற்றி நமது யூபிலி மலரிற் சில கூற விழைகின்றேன். நான் தமிழாசிரியன், ஒளியியல் கற்பிப்பவனல்லன். எனினும், பத்தாண்டுகளுக்கு மேலாக விடுமுறை நாள்களிற் கமராவுடன் சந்தைகளிலும் தெருக்களிலும் இறங்குதுறைகளிலும் நடந்து வருபவன் என்னும் சிறு உரிமை எனக்குண்டு.

வில்லையைத் தெரிவதற்கு முன் அதன் குவியத்தூரத்தை அறிதல் வேண்டும். குவியத்தூரம் குறைந்தாற் காட்சி அகலும். கூடினாற் காட்சி குறுகித் தூரப்பொருள் பெரிதாகும். வழக்கமான பிலிம் சுருளின் ஒரு படம் 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடையது; அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 43 மில்லிமீற்றர். அவ்வளவை ஒட்டிய குவியத்தூரமுடைய வில்லை காட்சியை மிக விரிக்காமலும் மிகச் சுருக்காமலும் இயல்பாகக் காட்டும் என்பர். என் கமராவின் ஒளியுணரியோ 22.3 மில்லிமீற்றர் அகலமும் 14.9 மில்லிமீற்றர் உயரமுமே உடையது. ஆதலால், அதிற் பொருத்தும் வில்லையின் குவியத்தூரத்தை 1.6 ஆற் பெருக்கியே பிலிம் அளவோடு ஒப்பிடல் வேண்டும். 24 மில்லிமீற்றர் வில்லை அக்கமராவில் 38 மில்லிமீற்றர் வில்லைபோற் பணிபுரியும்.

ஆசிரியர் ஒருவரின் வேதனத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்பதை இதனை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் அறிவர். கமராவோடு வந்த 18–55 வில்லை என்னிடம் இருந்தது. இன்னும் ஒன்றே வாங்க முடியும் என்ற நிலையில் இரண்டு என் முன்னே நின்றன. ஒன்று, 55 முதல் 250 மில்லிமீற்றர்வரை நீளும் வில்லை. அதன் நிறை 375 கிராம். நீளம் 11 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். மற்றொன்று, கெனன் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட 24 மில்லிமீற்றர் வில்லை. அதன் நிறை 125 கிராம்; தடிப்பு 23 மில்லிமீற்றருக்குள் அடங்கும். நீட்டவுஞ் சுருக்கவும் இயலாது. நின்ற நிலையில் நிற்கும். தோசைபோலத் தட்டையாய் இருத்தலின் இவ்வினத்தை ஆங்கிலேயர் பான்கேக் என வழங்குவர்.

முதலில், 18–55 வில்லையால் அதுவரை எடுத்த படங்களையெல்லாம் கணினியில் இட்டு, ஒவ்வொன்றும் எந்தக் குவியத்தூரத்தில் எடுக்கப்பட்டது என்று பார்த்தேன். கமரா அதனைப் படத்தோடு பதிந்து வைக்கின்றது. எனக்கு நிறைவளித்த படங்களுட் பெரும்பாலானவை 24 ஐ அண்டியே இருந்தன. வில்லை வாங்க எண்ணும் எவருக்கும் நான் கூறும் முதல் அறிவுரை இதுவே. கடைக்காரரைக் கேட்குமுன் உம்முடைய பழைய படங்களைக் கேளும்.

ஆயினும், என் தெரிவுக்கு ஆழமான காரணம் வேறொன்றாகும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது எனக்கு வயது 15. எங்கள் வீட்டு அல்பம் அலுமாரியிலேயே தங்கிவிட்டது. மீண்டு வந்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை. சில ஆண்டுகளின் பின் தந்தையார் காலமானார். முப்பத்தொராம் நாட் கல்வெட்டுக்குப் படம் வேண்டியிருந்தது. அடையாள அட்டையில் இருந்த படத்தையே பெருப்பித்து அச்சிட்டோம். நம் ஊரிற் பல வீடுகளின் கதை இதுவே. முகம் அவர் முகந்தான். ஆனால் அவர் எங்கே நின்றார், கையில் எதனை வைத்திருந்தார், அவரைச் சூழ இருந்தது யாது என்பவற்றுள் ஒன்றையேனும் அப்படம் சொல்லவில்லை. தோட்டத்துக் கிணற்றடியில் மண்வெட்டியைத் தோளில் ஏற்றி நின்ற மனிதரை நான் அறிவேன். என் பிள்ளைகள் அறியார்.

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதுமே முதற்பொருள். நிலமும் பொழுதும் இன்றி மனிதனின் ஒழுக்கத்தைப் பாட நம் முன்னோர் முற்படவில்லை. புகைப்படத்துக்கும் இது பொருந்தும் என்பது என் துணிபு. நீண்ட வில்லை முகத்தைத் தனியே பிரித்தெடுத்துப் பின்னணியை மங்கலாக்கிவிடும். அடையாள அட்டைக்கு அது போதும். 24 மில்லிமீற்றர் வில்லையோ மனிதரையும் அவர் நிற்கும் நிலத்தையும் ஒருங்கே ஏற்றுக்கொள்கின்றது.

கணக்கையும் சற்றே பார்ப்போம். இவ்வில்லையுடன் 2 மீற்றர் தூரத்தில் நின்று கமராவை நெடுக்காகப் பிடித்தால், ஏறக்குறைய 1.86 மீற்றர் உயரம் படத்தில் அடங்கும். ஓர் ஆள் தலைமுதற் பாதம்வரை அமைவார். அதே ஆளை அதே அளவிற் படமாக்க, 200 மில்லிமீற்றர் குவியத்தூரத்தில் ஏறத்தாழ 17 மீற்றர் அப்பால் நிற்றல் வேண்டும். 17 மீற்றருக்கு அப்பால் நிற்பவன் எவரிடமும் அனுமதி கேட்க இயலாது. அவன் ஒளிந்து நின்று பார்ப்பவனாகின்றான். 2 மீற்றரில் நிற்பவனோ முகமன் கூறியே ஆகவேண்டும். ஆதலால், வில்லையைத் தெரிதல் என்பது பிற மனிதரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகின்றோம் என்பதைத் தெரிதலுமாகும்.

சுன்னாகம் சந்தையில் வெற்றிலை விற்கும் மூதாட்டி ஒருவரிடம் ஒருநாட் சென்றேன்.

"ஆச்சி, ஒரு படம் எடுக்கட்டோ?"

"என்னையோ? இந்தக் கோலத்திலையோ, தம்பி?" என்று சிரித்தவாறே சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பின்னர், "எடுத்தால் எனக்கும் ஒண்டு கொண்டுவந்து தரவேணும். எங்கடை அவற்றை படம் ஒண்டும் மிஞ்சேல்லை. என்ரையெண்டாலும் ஒண்டு கிடக்கட்டும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை படத்தைக் கொண்டு சென்று கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தம் முகத்தைப்பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. அடுக்கியிருந்த வெற்றிலைக் கட்டுகளை விரலாற் தொட்டு, "என்ர கடையும் விழுந்திருக்குது" என்றார். அன்றே இவ்வில்லைக்குக் கொடுத்த பணத்தின் பயனை முழுதும் பெற்றேன்.

பிரயாணத்திலும் இதன் சிறுமையே சிறப்பாகின்றது. யாழ்தேவி 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்த பின்னர் கொழும்புக்குப் பலமுறை சென்றுள்ளேன். புகையிரதப் பெட்டியில் எதிரே இருப்பவருக்கும் நமக்கும் இடைத்தூரம் ஒரு மீற்றரளவே. நீண்ட வில்லைக்கு அங்கே இடமில்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு செல்லும் படகிலும் அவ்வாறே. கமராவும் வில்லையும் தோட்பையில் ஒரு மூலையில் அடங்கிவிடுவதால், வீட்டில் வைத்துவிட்டுச் செல்லும் எண்ணமே எழுவதில்லை. சிறு கமராவின் வரலாறும் இத்தகையதே. ஜேர்மனியின் வெற்ஸ்லார் நகரத்து லைற்ஸ் தொழிற்சாலையிற் பணியாற்றிய ஒஸ்கார் பார்நாக் ஆஸ்துமா நோயால் வருந்தியவர். கண்ணாடித் தகடுகள் கொண்ட பாரமான கமராவைச் சுமத்தல் அவருக்கு அரிதாயிற்று. அவர் 1914 அளவில் ஆக்கிய சிறு கருவியே 1925 இல் லைக்கா என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன், லைக்காவையும் ஒரே 50 மில்லிமீற்றர் வில்லையையும் பெரிதும் நம்பியே உலகைச் சுற்றினார்.

தெருவில் விரைந்து எடுக்க விரும்புவோருக்கு ஒரு முறை சொல்வேன். துவாரத்தை எஃப் 8 இல் வைத்து, ஏறத்தாழ 4 மீற்றர் தூரத்திற் குவித்து, தன்னியக்கக் குவிப்பை நிறுத்திவிடுக. 2 மீற்றர் முதற் கண்ணுக்கெட்டிய தூரம்வரை யாவும் போதிய தெளிவுடன் அமையும். அந்தி மயங்கினால் எஃப் 2.8 வரை துவாரத்தைத் திறக்கலாம். 18–55 வில்லை அதே குவியத்தூரத்தில் எஃப் 4 வரையே திறக்கும். ஆகவே இது இருமடங்கு ஒளியை உள்ளே விடுகின்றது.

குறைகளையும் மறைத்தல் தகாது. கிரிக்கெற் போட்டிக்கும் பறவைகளுக்கும் இது உதவாது. அவற்றுக்கு நீண்ட வில்லையே வேண்டும். கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு இதில் இல்லை. ஒரு மீற்றருக்குள் நெருங்கி முகத்தை எடுத்தால் மூக்குப் பெருத்துத் தோன்றும். மேலும், 2018 முதற் கெனன் தன் ஆடியற்ற கமராக்களுக்கு வேறு பொருத்தியைக் கையாள்கின்றது. அவற்றில் இதனை இணைக்க இடைவளையம் தேவை. அவ்வகைக் கமரா உடையோருக்கு 2023 இல் வந்த 28 மில்லிமீற்றர் வில்லை உண்டு. நிறை 120 கிராம். பூஜிபிலிம் கமரா உடையோருக்கு 27 மில்லிமீற்றர் வில்லை உண்டு. 2013 இல் வந்த அதன் முதல் வடிவம் 78 கிராமே. சிறிய ஒளியுணரி கொண்ட கமராக்களில் இவை யாவும் பிலிம் அளவில் ஏறத்தாழ 40 ஐச் சார்ந்தே நிற்றல் கவனிக்கத்தக்கது.

யூபிலிக் காலத்திற் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பலர் நமது கல்லூரிக்கு வருவர். அவர்தம் கமராக்கள் மிக உயர்ந்தவையாக இருக்கும். மண்டபத்தையும் கோபுரத்தையும் எடுக்கட்டும், நன்று. அத்தோடு, வாயிற்காவலர், சிற்றுண்டிச்சாலை அம்மா, ஆய்வுகூடத்து ஐயா ஆகியோரிடமும் சென்று, 2 மீற்றர் தூரத்தில் நின்று, பெயர் கேட்டு, அவர்களை அவர்கள் தொழில்புரியும் இடத்தோடு சேர்த்துப் படம் எடுப்பாராக. எடுத்த படத்தை அச்சிட்டு ஒரு பிரதியை உரியவர் கையிற் சேர்ப்பிப்பாராக. மாணவருக்கும் நான் சொல்வது இதுவே. தூரத்தை இழுக்கும் வில்லையைப் பின்னர் தேடலாம்; முதலில் இரண்டடி முன்னே செல்லுங்கள்.